பனிப்புகாரில் எங்கள் அக்கா கொடுத்த குரல்

எங்கள் அக்கா கண்மூடி முப்பத்தொரு நாளாகிறது. சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் அவரை அதிகம் கதைக்காத ஒரு பெண்ணாக மட்டும் அறிந்தவர்களுக்கு, அவருடைய குரலைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் ஒரு சிறிய மீன்பிடிக் குறிச்சியில் அக்கா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் ஐயா கரைவலைக்காரர். தை மாதத்தில் அங்கே பனிப்புகார் இறங்கினால் தண்ணீரும் மணலும் ஒன்றாகிவிடும். திரும்பி வரும் வள்ளங்களுக்குக் கரை தெரியாது. தண்ணீருக்கடியில் கிடக்கும் பாருக்கல்லில் ஏறினால் பலகை பிளந்துவிடும். அந்நேரம் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று குரல் கொடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இழுப்பு. தன் வீட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டு வள்ளம் வந்து சேரும். பிடிபட்டது சூடையா, கும்பளாவா என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அக்காவின் குரல்தான் அதிக தூரம் போகும் என்பார்கள்.

அத்தானை மணந்து நான்காம் வருடம், அப்படியொரு காலையில் அக்கா கரைக்குப் போகவில்லை. முதல்நாள் இருவருக்குமிடையில் ஏதோ மனத்தாங்கல். "மற்றவை கூப்பிடுவினம்தானே" என்று படுத்துவிட்டார். மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்தன. அத்தானுடையது இரண்டு நாள் கழித்துத் தானாக ஒதுங்கியது. உள்ளே வலை மடித்தபடியே காய்ந்து கிடந்தது. அத்தான் கிடைக்கவேயில்லை. அக்கா பொட்டை அழிக்கவுமில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்ய எவரையும் விடவுமில்லை.

பிறகு போரால் கடல் தடையும் இடப்பெயர்வும் வந்தன. டாவோஸில் ஹோட்டல் குசினியில் வேலை செய்துகொண்டிருந்த நான் அக்காவை இங்கே எடுப்பித்தேன். அவரும் அதே குசினியில் ஒன்பது வருடம் கோப்பை கழுவினார். என் பிள்ளைகளை வளர்த்தவரும் அவரே. ஷாஃப்ஹவுசனில் ரைன் ஆற்றுக்குப் பக்கத்தில் குடிவந்த பின், புகார் இறங்கும் நாட்களில் அவர் வெளியே வரமாட்டார்.

ஆழிப்பேரலை எங்கள் குறிச்சியை வழித்துக்கொண்டு போனதற்கு அடுத்த வருடம், கார்த்திகையில் புகார் மூடிய ஒரு காலை. வைத்தியரிடம் போக வேண்டியிருந்ததால் ஆற்றோரமாக பஸ்ஸுக்கு நடந்தோம். அக்கா நின்றார்.

"தம்பி, கேக்குதோ? ஆரோ ஆத்துக்குள்ள கூப்பிடுகினம்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா கைப்பையை என்னிடம் தந்துவிட்டு இறங்குதுறைக்குப் போனார். இத்தனை வருடமாக வெளியே வராத அந்தக் குரலை எடுத்தார். நீளமாக, நடுவில் ஒரு முறிவோடு. விடாமல் கொடுத்தார். கடைசியில் புகாருக்குள்ளிருந்து ஒரு மரப்படகு வந்து துறையில் முட்டியது. மீன்பிடிக்கப் போய்க் கரை தெரியாமல், அணைக்கட்டுப் பக்கம் இழுபட்டுக்கொண்டிருந்த ஒரு சுவிஸ் முதியவர். படகில் அவர் மட்டுமே இருந்தார்.

"நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்," என்றார் என்னிடம் டொச் மொழியில். "எனக்குப் பின்னால் இன்னொருவர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்."

அதை அக்காவிடம் சொன்னேன்.

"ஓம், தெரியும்," என்றார் அக்கா. பிறகு ஆற்றைப் பார்த்து, அத்தானைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோலச் சின்னக் குரலில், "இஞ்சாருங்கோ, இஞ்சால வாங்கோ" என்றார்.

வேறு படகு எதுவும் வரவில்லை. ஆனால் துறைப் பலகை, ஓர் ஆள் கால் வைத்ததுபோல ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. முதியவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று பின்னேரம் அக்கா முகம் கழுவிப் பொட்டில்லாமல் வந்தார். "அத்தானுக்குச் செய்யவேண்டியதைச் செய்வம், தம்பி" என்றார். திரிம்பாக்கிலுள்ள தமிழ்க் கோயிலில் குருக்களைக் கேட்டு நாள் பார்த்து, ஆற்றங்கரையில் அந்தியேட்டி செய்தோம். அதற்குப் பிறகு புகார் இறங்கிய ஒவ்வொரு காலையும் துறைக்குப் போய் நின்றார். "இன்னும் ஆரும் வரக்கூடும்" என்பார். புற்றுநோய் படுக்கையில் கிடத்தும்வரை அதை விடவில்லை.

அவரை இறுதிவரை அன்போடு பராமரித்த தாதியர், சமைத்துத் தந்த அயலவர், தொலைவிலிருந்து ரயிலேறி வந்த உறவுகள் அனைவரையும் எங்கள் குடும்பம் மறவாது. இறுதிக் கிரியைக்கு அந்தச் சுவிஸ் முதியவரும் வந்து கடைசி வரிசையில் நின்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, புகார் நாட்களில் இன்னும் படகெடுக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இல்லை," என்றார். "இனிக் கரையில் யார் இருக்கிறார்கள்?"