காயின்சா இழுத்து வைத்த ஹேண்டில்பார்

ஓட்டுகிறவன் பெட்ரோல் டேங்க்மேல் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, பின்னால் இரண்டு பேரை ஏற்ற வேண்டும். ம்பாலே ஊர்ச் சந்தை வாசல் பைக் டாக்சி ஸ்டாண்டில் அதுதான் வழக்கம். அதற்குத் தோதாக எல்லா வண்டியிலும் ஹேண்டில்பாரை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். காயின்சா வாங்கிய பழைய வண்டியும் அப்படித்தான் வந்தது.

அதே வாசலில் ஸ்டாண்ட் ஆண்களுக்கு வருஷக்கணக்காகச் சப்பாத்தி சுட்டுப் போட்டவள் அவள். அடுப்பை விட்டு வண்டியில் ஏறியதுமே பாதிப் பேருக்கு வயிறு எரிந்தது. ஆள் குள்ளம். சீட்டில் உட்கார்ந்தால் கை எட்டவில்லை, டேங்கில் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போனது. வீட்டில் களி கிண்டக்கூட விரல் மடங்காத நிலை வந்தபோது, ஸ்பேனரை எடுத்து நாலு போல்ட்டையும் தளர்த்தி, ஹேண்டில்பாரைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டாள். முட்டைக்கோஸ் மூட்டையோடு வண்டியைத் திருப்பும்போது பிடி முழங்காலில் இடித்து, ஸ்டாண்டுக்கு நேர் எதிரே விழுந்தாள். முட்டைக்கோஸ் உருண்டது, ஆண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று எழுந்து, அங்கேயே ஹேண்டில்பாரை ஒரு விரல்கடை முன்னால் தள்ளி, இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து போல்ட்டை முறுக்கினாள். அன்றிலிருந்து தோள் வலிக்கவில்லை. ஆனால் சீட்டில் அவள் போக ஒருவருக்குத்தான் இடம்.

ஸ்டாண்ட் தலைவன் வமோனோவுக்கு அது பொறுக்கவில்லை. சந்தை நாளன்று இரண்டு பெண்கள் ஆளுக்கொரு வாழைத்தாரோடு வந்து நின்றார்கள். முறை காயின்சாவுடையது.

"ரெண்டு பேரையும் ஏத்து," என்றான்.

"ஒருத்தர்தான் அண்ணே. டேங்க்மேல நான் உட்கார மாட்டேன்."

"ஸ்டாண்டுக்குன்னு ஒரு முறை இருக்கு. உன் கைக்குத் தக்கபடி ஊர் ஓடுமா?"

"ஊர் ஓட வேணாம். என் வண்டி ஓடுனா போதும்."

வமோனோ ஸ்பேனரை நீட்டினான். "இப்பவே பழையபடி தள்ளி வை. இல்லைன்னா ஸ்டாண்ட் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போய்ச் சப்பாத்தி சுடு."

சட்டை போனால் இந்த வாசலில் முறை போய்விடும், தெருத்தெருவாய் ஆள் தேட வேண்டும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஸ்பேனரை வாங்கினாள். நாலு போல்ட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் இறுக்கினாள்.

"இந்தாங்க அண்ணே. கொஞ்சம் லூசா இருந்துச்சு." உடுப்புக்கு மேல் மாட்டியிருந்த ஸ்டாண்ட் சட்டையைக் கழற்றி, அவன் வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டினாள்.

ஒரு பெண் வாழைத்தாரை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள். அடுத்தவளைப் பார்த்து வமோனோ குழைந்தான். "நீங்க வாங்கம்மா, நான் கொண்டு விடறேன்."

அவள் வாழைத்தாரைத் தரையில் இறக்கி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நீ போயிட்டு வா காயின்சா. நான் இங்கேயே இருக்கேன்."