வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்த மனுஷன்

என் வீட்டுக்காரர் சரியான வாயாடி. மேட்டுக்குக் கீழே லாரியை நிறுத்திவிட்டு நடந்து வரும்போதே யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டுதான் வருவார். அப்படிப்பட்டவர் சில சாயங்காலங்களில் வாயை இறுக மூடிக்கொண்டு வர ஆரம்பித்தார். என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். நேராகக் குழாயடிக்குப் போவார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வரும்.

எங்கள் லிங்கிப் பக்கத்துத் தோட்டங்களில் ஆம்பளை வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் ஒரே அர்த்தம்தான். தண்ணி.

அவருடையதோ நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்த உடம்பு. காலிலிருந்து நரம்பை உருவி இதயத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். சில வருஷம் ஒரு தொல்லையும் இல்லாததால் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கே திரும்பப் போயிருந்தார். இந்த உடம்போடு சம்சுச் சாராயம் குடித்தால்? சட்டையை முகர்ந்து பார்த்தேன். லாரி சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் சந்தேகம் இன்னும் கூடியது. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கக் கொடுத்த மாத்திரை அலமாரியில் தொடாமல் இருந்தது. அப்படியென்றால் வலி இல்லை, குடிதான் என்று முடிவு கட்டினேன்.

ஒருநாள் வாசலிலேயே மறித்தேன்.

“எங்க, ஊதுங்க பார்ப்போம்.”

மாட்டேன் என்று தலையாட்டினார்.

“ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம வாய்க்கால்ல விட்டீங்களாமே? வேலை வாங்குற மண்டோர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு லா.”

லாரி ஓட்டுவதைக் குறை சொன்னால் சும்மா விடுகிற ஆளே இல்லை. அன்றைக்கு முறைத்ததோடு சரி. முகமெல்லாம் வேர்வை. ஆத்திரம் தாங்காமல் தாடையைப் பிடித்துவிட்டேன். வாய் திறந்தது. வாடையே இல்லை. நாக்குக்கு அடியில் பாதி கரைந்த வெள்ளை மாத்திரை.

“எவ்வளவு நாளா இது?”

“மேடு ஏறும்போது மட்டும்தான் நெஞ்சைப் புடிக்கும். வச்சா போய்டும். பெருசு பண்ணாத.”

“அலமாரியில இருக்கிறது?”

“நீ அதைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்னு தெரியும். இது நானா கடையில வாங்கினது. ஆஸ்பத்திரிக்குப் போனா லாரிய விடச் சொல்லுவானுங்க.”

விடிந்ததும் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். டாக்டர் நம்ம தமிழ்ப் பொண்ணு.

“கால்ல இருந்து எடுத்து வச்ச நரம்புல ரெண்டு சுருங்கியிருக்கு, அங்கிள்.”

“அப்ப அன்னிக்கே சரியா தைக்கலையா?” என்று நான் கேட்டேன்.

“இல்ல ஆண்ட்டி. கால் நரம்புக்கு இவ்வளவு அழுத்தம் பழக்கமில்ல. வருஷம் போகப் போக உள்ள தடிச்சு, கொழுப்பு படிஞ்சு, வழி குறுகிடும். நல்லா தைச்சாலும் வரும்.”

நான் முழுசாக நம்பவில்லை. தினமும் போடுகிற மருந்தையாவது ஒழுங்காகப் போட்டாரா என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் கூரையில் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார்.

ஒன்றுக்கு ஸ்டென்ட் வைக்கலாம், இன்னொன்றை மருந்திலேயே பார்க்கலாம் என்றார் டாக்டர். பிழைப்பேனா என்று இவர் கேட்கவில்லை.

“லாரி ஓட்டலாமா?”

“இப்ப முடியாது, அங்கிள். ஸ்டென்ட் வச்ச பிறகு பார்த்துதான் சொல்லுவோம். குலை தூக்குறது வேணவே வேணாம்.”

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக நர்ஸ் வந்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“நான் குடிக்கிறேன்னே நெனச்சிக்கிட்டு இருந்திருக்கலாம்ல நீ?”

சிரித்த மாதிரிதான் இருந்தது. அது சிரிப்பா, வலியை அடக்குகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இவருக்கு இப்ப வலிக்குதான்னு நீங்களே கேளுங்கம்மா. என்கிட்ட பொய்தான் சொல்லுவாரு.”