அக்காவுக்கு வெட்டக் கொடுத்த யானை

அக்கா மறைந்து ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரை அவர் கையில் கொடுத்திருந்தால், அட்டையைக்கூடப் பார்க்காமல், "எதுக்குடா இதெல்லாம்? யாருக்கு என்ன வேணுமாம்?" என்றுதான் கேட்டிருப்பார். சந்தேகம் அவருடன் கூடவே பிறந்தது. அதற்கு அடுத்துப் பிறந்தவன் நான்.

மானாமதுரையில் பிறந்தார். அப்பா மில் தொழிலாளி. மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கே இழுபறி. பள்ளியில் பரிசாகக் கிடைத்த செஸ் போர்டில் தொடங்கியவர், பிறகு தனியாகவே ரயிலேறிப் போய் மாநில அணி வரைக்கும் ஆடினார். எதிரில் இருப்பவர் ஒரு காயை நகர்த்தினால் "இதை ஏன் செய்தார்?" என்று கேட்டுக்கொள்வது அந்த ஆட்டத்தின் பாலபாடம். அக்கா அதைப் போர்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்த கடைக்காரரையும் ஏற இறங்கப் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அத்தான் நகை நட்டு எதுவும் வேண்டாம் என்றதும், "ஏன் வேணாங்கிறீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அத்தான் திருதிருவென்று விழித்ததைப் பார்த்துத்தான் சம்மதித்தாராம்.

கல்யாணமாகி, அத்தான் வேலை பார்த்த தோஹாவுக்குப் போனார். அங்கே நஜ்மா பகுதியில் சின்ன ஃபிளாட். செஸ்தான் தொழில் என்று அக்கா சொன்னால், "அது சரி, வேலை என்ன பண்றீங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. வீடு வீடாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே குவைத், அபுதாபி, துபாய் என்று போட்டிகளுக்கும் போனார். பெண்களுக்கான சர்வதேசப் பட்டத்துக்கு மூன்று போட்டிகளில் தகுதி காட்ட வேண்டும். இரண்டில் காட்டியாயிற்று. மூன்றாவதை துபாயில் முடித்துவிடுவது என்று அவர் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் வயிற்றுவலி வந்தது.

புற்றுநோய், முற்றிவிட்டது என்றார் டாக்டர். நம் வீடுகளில் இதை நோயாளியிடம் யார் சொல்லுவார்? அத்தான் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அக்காவிடம், "அல்சர்தான், துபாயை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னோம். குவைத்தில் ஃபர்வானியாவில் வேலை பார்த்த நான் லீவு போட்டு வந்து நின்றேன்.

"அல்சரைப் பாக்க குவைத்துலேர்ந்து ஆள் வருமாடா?"

"கம்பெனியில லீவைத் தீர்க்கச் சொன்னாங்கக்கா."

அவர் நம்பவில்லை. ஆனால் பிடியும் கிடைக்கவில்லை.

பிடியைக் கொடுத்தவர் பாய். நஜ்மாவில் துணிக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, அத்தானுடன் பேச வருவது போல வந்து, அக்காவுடன் ஆட உட்கார்ந்துவிடுவார். ஒரு சிப்பாயைக்கூடச் சும்மா விடமாட்டார். தோற்றால் போட்டு வைத்த டீயைத் தொடாமல் எழுந்து போய்விடுவார். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, "வந்து கொஞ்சம் ஆடுங்க பாய், சந்தோஷப்படுவா" என்று அத்தான் கேட்டுக்கொண்டார்.

அக்காவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் பாய் வந்தார். கட்டிலிலேயே போர்டை விரித்தோம். ஆட்டம் பாய் பக்கம்தான் நன்றாக இருந்தது. திடீரென்று தன் யானையைக் கொண்டுபோய் அக்காவின் மந்திரிக்கு நேரே வைத்தார். அக்கா அதை வெட்டவில்லை.

"பாய், இது உங்க ஆட்டமில்லயே."

"வயசாச்சுல்ல தங்கச்சி. கண்ணு தெரியல."

"போன வெள்ளிக்கிழமை தெரிஞ்சுச்சு."

அக்கா என் பக்கம் திரும்பினார். "டேய், டாக்டர் என்னடா சொன்னாரு?"

அத்தான் உடைந்து அழுதுவிட்டார். அதற்குமேல் யாராலும் பொய் சொல்ல முடியவில்லை. அக்கா அழவில்லை, எங்களைத் திட்டித் தீர்த்தார். "அடுத்த வருஷம்னு யார்கிட்டடா சொன்னீங்க? எனக்கு இருக்கிறது இந்த ஒரு துபாய்தான். அதையும் பிடுங்கப் பாத்தீங்களே!"

மாத்திரைப் பையுடன் அக்கா துபாய் போனார். அத்தான் கூடப் போனார். எல்லாச் சுற்றுகளையும் அக்கா ஆடினார். கடைசிச் சுற்றைச் சமன் செய்திருந்தால் பட்டம் கிடைத்திருக்கும். எதிரில் ஆடிய பெண்ணிடம் தோற்றுவிட்டார். ஃபோனில் ஆறுதல் சொல்லத் தொடங்கிய என்னை, "அந்தப் பொண்ணுக்கு என் கதை ஒண்ணும் தெரியாதுடா. நல்லா ஆடுனா" என்று திருப்தியாக அடக்கினார். சில வாரங்களில் தோஹாவில் அத்தானின் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினார்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், உடலை ஊருக்குக் கொண்டுவர அலைந்த நண்பர்களுக்கும், துக்கத்தில் கூட நின்ற உறவினர்களுக்கும், அக்காவிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பாய்க்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "அன்னைக்கு என் கை ஒழுங்கா இருந்திருந்தா அந்தப் புள்ள நிம்மதியா போயிருக்கும் தம்பி" என்று இன்னும் ஃபோனில் அழுகிறார். இல்லை பாய். நாங்கள் எல்லோரும் நன்றாகவே நடித்தோம். உங்களுக்கு மட்டும்தான் நடிக்க வரவில்லை. அக்கா துபாய் போனது அதனால்தான்.