தச்சரும் சத்தம் புகாத அறையும்

காது கேளாமையை ஆராயும் நிலையத்துக்குச் சத்தம் புகாத அறையைக் கட்டிக் கொடுத்தவர் தச்சர். கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது. வேலை முடிந்த அன்று டாக்டரம்மா, "ஒப்பிட்டுப் பாக்க நல்லாக் காது கேக்கற பெரியவங்க, குழந்தைங்க கொஞ்ச பேர் வேணும். வர்றீங்களா?" என்று கேட்டார்.

"எனக்குப் பாம்புச் செவிங்க" என்ற தச்சர், மறுநாளே ஏழு வயது மகளோடு வந்து நின்றார்.

ஹெட்போனில் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். மகள் ஒன்றைக்கூட விடவில்லை. அடுத்து உட்கார்ந்த தச்சருக்கு முதல் இரண்டு கேட்டன. பிறகு கப்சிப். மகள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கிறாள், மானம் போகலாமா? டக் டக்கென்று அமுக்கித் தள்ளினார்.

"அப்பா உங்க கையைப் பாத்து அமுக்கறாரு, டாக்டர்" என்றாள் மகள். "நீங்க குமிழைத் திருப்பினா அவரு அமுக்கறாரு."

டாக்டரம்மா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது: "மெஷின் நின்னுபோச்சு போலிருக்கே?"

மெஷின் நிற்கவில்லை. இருபத்தைந்து வருட மரமறுப்பு மெல்லிய ஓசைகளையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. அவர் பெயர் காது மந்தமானவர்கள் பட்டியலுக்குப் போயிற்று. விசாரிக்க மனைவியையும் வரச் சொன்னார்கள்.

"வீட்டுல நீங்க சொல்றது கேக்கலைன்னா என்ன செய்வாரு?"

"எதைச் சொன்னாலும் சரின்னுதாங்க சொல்வாரு. தங்கமான மனுஷன்."

தச்சர் தலையைச் சொறிந்தார். "பாதிதான் புரியும். எதுக்கு வம்புன்னு சரின்னுடுவேன்."

மனைவியின் முகம் மாறியது. "எங்கம்மா நம்மகூடவே இருக்கட்டுமான்னு கேட்டேனே?"

"அது எனக்குக் கேக்கவே இல்லை."

மாமியார் வந்து மூன்று வருடமாகிறது.

"ஆனா இருக்கட்டும்" என்றார் தச்சர். "அவங்கதான் கத்திப் பேசுவாங்க. நம்ம வீட்டுல அவங்க சொல்றது ஒண்ணுதான் எனக்கு முழுசாப் புரியுது."

டாக்டரம்மா குனிந்து எதையோ எழுதினார். தோள் மட்டும் குலுங்கியது.

காதுக் கருவி மாட்டிய முதல் நாள், சமையலறையிலிருந்து மனைவி வழக்கம்போல் சொன்னாள்: "தங்கச்சி வீட்டு அலமாரியை நாளைக்கே செஞ்சு குடுத்துடுங்க."

"நாளைக்கு முடியாது. அடுத்த வாரம் பாக்கலாம்."

மனைவி ஈரக் கையோடு வெளியே வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வருமென்று அவளே எதிர்பார்த்தாள், சிரிப்புதான் வந்தது. ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏன் முடியாது, சொல்லுங்க" என்றாள்.