கண்ணுக்கு இன்னொரு கோட்டு

விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது முதன்முதலில் குளியலறையில்தான். காலை ஐந்தரை மணி. பல் துலக்கிக்கொண்டே நிமிர்ந்தால், பல்பைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம், அதற்கு வெளியே எல்லாம் புகை. கண்ணைக் கசக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து கையை இறக்கிக்கொண்டேன். ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். நின்று யோசிக்க நேரமில்லை.

எனக்கு எப்போதுமே நேரமில்லை. மாதனூர் பக்கத்தில் வீடு, ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் பதினெட்டு வருட வேலை. என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். இடது கண் எனக்குச் சிறு வயதிலிருந்தே மந்தம். ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. ஊசியில் நூல் கோப்பது முதல் ரோடு தாண்டுவது வரை எல்லாம் வலது கண்தான்.

அந்த வலது கண்ணில் இரண்டு வருடத்துக்கு முன் நெல் அறுக்கும்போது தாள் கிழித்தது. புண் ஆறியபோது கருவிழிப் படலம் (கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் மேல்தோல்) தழும்பேறி வெளுத்துவிட்டது. வேலூரில் ஒரு மருத்துவமனையில், இறந்துபோன யாரோ ஒருவர் தானம் தந்த படலத்தை வைத்துத் தைத்தார்கள். அவர் ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. அவர் தயவில் மறுபடி ஷூவின் தையலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ரிஜக்‌ஷன் (ஒட்டிய படலத்தை உடம்பு அந்நியம் என்று தள்ளிவிடுவது) பற்றி எச்சரித்தார்கள். அதை அடக்கிவைக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்து, நாளைக்கு இரண்டு வேளை. கண் மங்கினால் அன்றைக்கே வர வேண்டும். மங்காவிட்டாலும் சொன்ன தேதியில் வந்து கண்ணின் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷிப்மெண்ட் நெருக்கடி என்று கடைசி இரண்டு தேதிகளை நான் தவறவிட்டிருந்தேன்.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. ஷூவின் தோல் மங்கலாக வந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டால் லைன் நிற்கும், திட்டு விழும். ஸ்ப்ரேயை எடுத்து இன்னொரு கோட்டு (மேல்பூச்சு) அடிப்போம். காய்ந்ததும் பிரஷ்ஷில் ஓட்டினால் பளபளப்பு வந்துவிடும். பதினெட்டு வருடத்தில் என் கை யோசிக்காமல் அதைச் செய்யப் பழகியிருந்தது.

கண்ணுக்கும் அதையே செய்தேன். மங்கலாக இருக்கிறதா, ரிஜக்‌ஷனாகத்தான் இருக்கும், இன்னும் ஒரு சொட்டு. பத்து மணிக்குள் புகை விலகியது. மருந்து கேட்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் புகை காலையில் கூடி, பொழுது ஏற ஏறத் தானாகவே குறையும் வகை என்று எனக்கு யார் சொல்வது? இரண்டு வேளை நாலாயிற்று, ஆறு வாரத்தில் எட்டாயிற்று.

பிறகு ஒருநாள் கேன்டீனில் பக்கத்தில் இருந்த டீ டம்ளரைத் தட்டிவிட்டேன். மறுநாளும் தட்டினேன். மூன்றாம் நாள் தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டேன். அது பக்கத்தில் வந்ததே எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

மருத்துவமனை வராந்தாவில் என்னால் உட்கார முடியவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். "உக்காரும்மா, உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்று பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார். உட்கார்ந்து, எழுந்து, மறுபடி நடந்தேன்.

டாக்டர் அம்மா அழுத்தம் பார்த்தார். இருபதைத் தாண்டக் கூடாத இடத்தில் முப்பத்தெட்டு.

"சொட்டு எத்தன வேள போடறீங்க?"

"ரெண்டு வேள, டாக்டர்."

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "எங்க ரெண்டு? எட்டு வாட்டி போடுது டாக்டர். பஸ்ஸுல வர்றப்ப, ஸ்பீடு பிரேக்கர் வந்தா முன்னாடியே சொல்லுங்கன்னு சொல்லிட்டு ஊத்திக்குது."

இருக்கிற பார்வையையெல்லாம் திரட்டி அவரை முறைத்தேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இது ரிஜக்‌ஷன் இல்ல. அழுத்தம் ஏறினதால படலத்துல நீர் கோத்து மங்குது" என்றார். ஸ்டீராய்டு சிலருக்குக் கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியை அடைத்துவிடுமாம். அப்படி ஏறும் அழுத்தம் பார்வை நரம்பை அரிக்கும், பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும். அதுதான் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்). வலிக்கக்கூட வேண்டியதில்லை.

"அப்ப இன்னியோட சொட்ட நிறுத்திடறேன்."

"அதையும் நீங்களா முடிவு பண்ணாதீங்க. திடீர்னு நிறுத்தினா படலம் போயிடும்."

வேறு மிதமான ஸ்டீராய்டு, அழுத்தத்துக்குத் தனியாக மூன்று சொட்டுகள், மாத்திரை. ஒரு மாதம் ஓடியது. அழுத்தம் இருபத்தெட்டில் வந்து நின்றுகொண்டது. ஓரப் பார்வை இன்னும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. கண்ணுக்குள் மெல்லிய குழாய் வைத்து நீரை வெளியே வடியவிடும் அறுவைச் சிகிச்சைதான் வழி என்றார்கள்.

அதிலும் ஒரு சிக்கல். படலத்தின் உட்புறம் ஒரு வரிசை உயிரணுக்கள் இருக்கின்றன. நீர் கோக்காமல் இறைத்து, படலத்தைத் தெளிவாக வைத்திருப்பது அவைதான். செத்தால் மறுபடி முளைக்காது. அழுத்தமும் அவற்றைக் கொல்லும், குழாயும் அவற்றைக் குறைக்கலாம். "குழாய் வெச்சா, ஒட்டின படலம் சீக்கிரம் மங்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. படலத்துலேர்ந்து எவ்ளோ தள்ளி வெக்க முடியுமோ அவ்ளோ தள்ளி வெப்போம்" என்றார் டாக்டர்.

"வெக்கலன்னா?"

"நரம்பு போகும். படலம் போனா இன்னொண்ணு வெச்சுப் பாக்கலாம். நரம்பு போனா வெக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டர் மேல், குழாய் மேல், கடைசியில் என் கை மேல். திரும்பி வரும்போது வீட்டுக்காரரிடம் காட்டினேன். "அன்னிக்கு இன்னாத்துக்கு டாக்டர் முன்னாடி என்னைக் காட்டிக் குடுத்தீங்க?"

"குடுக்காம இருந்திருந்தா எட்டு பத்தாயிருக்கும்" என்றார். பள்ளிகொண்டா தாண்டும்போது, "எனக்கும் பயமாத்தான் இருக்குது" என்றார்.

கண்ணை மட்டும் மரக்கச் செய்து அறுவை நடந்தது. அசையக் கூடாது என்றார்கள். வராந்தாவில்கூட உட்கார முடியாத என்னிடம் இதைச் சொல்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் ஷூ துடைத்தேன். எழுபத்திரண்டாவது ஜோடியில் முடிந்தது என்றார்கள்.

அழுத்தம் பதினாலுக்கு இறங்கியது. போன ஓரப் பார்வை திரும்பவில்லை, இனியும் திரும்பாது. படலம் தெளிவாக இருக்கிறது. எத்தனை நாள் தாங்கும் என்று ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் கேட்பேன். "சொல்ல முடியாதும்மா, வர்றப்பல்லாம் பாத்துக்கலாம்" என்பார். இந்தப் பதிலை நான் வெறுக்கிறேன். நீங்களும் படலம் ஒட்டியவர் என்றால், உங்களுக்கும் இதையேதான் சொல்வார்கள்.

எட்டு மாதம் கழித்து, போன வாரம், மறுபடி காலையில் புகை. கூடவே உறுத்தல். காலைச் சொட்டு ஏற்கெனவே போட்டாகிவிட்டது. ஆனாலும் கை மருந்துப் பெட்டிக்குப் போய், பாட்டிலின் மூடியைத் திருகிவிட்டது. வெளியே பஸ் ஹாரன். மூடியைத் திரும்ப மூடினேன்.

பஸ் படியருகே போய், வீட்டுக்காரரிடம், "ஏறல. வேலூர் போறேன்" என்றேன்.

"இன்னா, மங்கலா?"

"ஆமா."

பஸ் நிறையப் பெண்கள். அவரால் வண்டியைத் திருப்ப முடியாது. "போன் பண்ணு" என்று மட்டும் சொன்னார். அவர் ஆம்பூர் பக்கம் போனார், நான் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றேன். தலையை முழுவதுமாகத் திருப்பித்தான் இப்போதெல்லாம் தாண்டுகிறேன்.

பழைய தையல் ஒன்று தளர்ந்து உறுத்தியிருக்கிறது. டாக்டர் அதை எடுத்துவிட்டார். அழுத்தம் பதினைந்து. "அப்படியே விட்டிருந்தா அங்கேர்ந்து ரிஜக்‌ஷன் ஆரம்பிச்சிருக்கும்" என்றவர், "இன்னிக்கு எத்தன சொட்டு போட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு. அடுத்தது சாயந்தரம் ஏழு மணிக்கு."

இந்த முறை வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தாலும் அவர் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

இந்தக் கண்ணில் என்னுடையது கொஞ்சம், முகம் தெரியாத ஒருவருடையது கொஞ்சம், மீதி ஒரு குழாய். மூன்றும் எத்தனை நாள் ஒத்துப்போகும் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனியில் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். இதை அங்கே டீ நேரத்தில் எழுதுகிறேன். ஏழு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. அதுவரை கை சும்மா இருக்க வேண்டும். நான் பழகிய வேலைகளிலேயே கஷ்டமானது இதுதான்.