சந்தனத்துக்கு அடியில் சேசிஸ் நம்பர்

ஆர்.சி. புத்தகம் என் பெயருக்கு மாறி வந்துவிட்டது. கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பெரியப்பா மகன் எனக்கு விற்றுவிட்டுப் போன பைக் வாசலில் நின்றது. ஓட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. ஆனால் பெயர் மாறி வருவதற்குள் அண்ணன் போட்டிருந்த இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தது. லைசென்ஸ் வாங்கிய கையோடு இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ரோட்டில் இறக்க நான் தயாராக இல்லை.

அவசரம் என்னவோ பெரிதுதான். கம்பத்தில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. தோட்டம் தோட்டமாகப் போய் மண் எடுத்து வர வேண்டும். "சொந்த வண்டியும் நடப்பு இன்சூரன்ஸும் இருந்தாத் திங்கக்கிழமை வாம்மா. இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கிருவோம்" என்று சொல்லிவிட்டார் மேலாளர்.

தேனியில் இன்சூரன்ஸ் போட்டுக் கொடுக்கும் அக்காவைப் போனில் பிடித்தேன்.

"தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுரவா? நெறையப் பேரு அதான் போடுறாக."

"அது நான் இடிச்சா அடுத்த ஆளுக்குத்தானக்கா? நான் விழுந்து என் வண்டி நொறுங்கினா? எனக்கு ரெண்டும் வேணும்."

"விவரமாத்தான் இருக்க. அப்ப வண்டிய வீடியோ எடுத்து அனுப்பு. விட்டுப்போன பாலிசில்ல? நம்பர் பிளேட்டு, சேசிஸ் நம்பரு எல்லாம் தெளிவாத் தெரியணும். கம்பெனில பாத்து சரின்னாத்தான் பாலிசி."

இரண்டு நிமிட வேலை. அதற்குள் அப்பா குறுக்கே வந்தார். அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் குச்சனூர் சனீஸ்வரன் முன்னால் நிறுத்திப் பூஜை போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். மறுநாள் சனிக்கிழமை வேறு.

"இன்சூரன்ஸ் இல்லாம ஓட்ட மாட்டேம்ப்பா."

"யாரு ஓட்டச் சொன்னா? தூக்கிட்டுப் போவோம்."

திராட்சைப் பெட்டி ஏற்றும் குட்டி யானை வேனில் பைக்கை நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டினோம். கோயில் வாசலில் இறக்கும்போது மாலைக் கடைக்காரர் விடவில்லை.

"ஏத்தா, வண்டி ஓடாதா, இல்ல ஒனக்கு ஓட்டத் தெரியாதா?"

"ரெண்டும் நல்லா இருக்குண்ணே. இன்சூரன்ஸ்தான் இல்ல."

"அதுக்குத்தான சாமிகிட்ட வந்திருக்கீக!"

"சாமி தேர்டு பார்ட்டி மட்டுந்தாண்ணே பாப்பாரு." அப்பா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

பூசாரி தாராளமானவர். நம்பர் பிளேட், டேங்க், சேசிஸ் நம்பர் பொறித்திருக்கும் ஹேண்டில்பாரின் கழுத்து என்று எதையும் விடாமல் சந்தனத்தை அப்பினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வீடியோ அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் தேனி அக்கா கூப்பிட்டார்.

"அடியே, வண்டிய எடுக்கச் சொன்னா சந்தனக்காப்ப எடுத்திருக்க. சேசிஸ் நம்பரே காணோம்னு தள்ளிட்டாக. காலையிலயே திருப்பி அனுப்பு. ஞாயித்துக்கிழமை, மதியத்துக்கு மேல பாக்க ஆளிருக்காது."

விடிந்ததும் துணியை நனைத்துக்கொண்டு போனேன். அம்மா கையைப் பிடித்துவிட்டார்.

"சாமி பொட்ட யாராச்சும் துடைப்பாகளா? ஒரு வாரம் போனாத் தானா உதிந்துரும்."

"அதுக்குள்ள என் வேலை உதிந்துரும்மா."

அம்மா கையை விடவில்லை. என் வேலை போவதிலும் அவருக்குச் சம்மதமில்லை. அது முகத்தில் தெரிந்தது. துணியைக் கீழே போட்டேன்.

"சரி, துடைக்க வேணாம். கோயில்ல குடுக்குற சந்தனத்த நெத்தியில வச்சுக்கிறோம்ல? இதையும் அப்படியே எடுத்து வச்சுக்கிருவோம்."

அம்மா யோசித்தார். பிறகு தானே முன்வந்து, விரலைத் தண்ணீரில் தொட்டு, சேசிஸ் நம்பர் மேலிருந்த சந்தனத்தைக் குழைத்து எடுத்தார். முதலில் என் நெற்றி, அப்புறம் தன் கழுத்து. எழுத்துகளின் பள்ளத்துக்குள் இறுகியிருந்ததை ஈர்க்குச்சியால் நெம்பினார். நம்பரோ நீளம், நெற்றிகள் போதவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார். நம்பர் பிளேட்டின் பங்கு அவருடைய இரண்டு புஜத்துக்கும் போனது.

"வண்டி அவளுக்கா எனக்கா?" என்றார் அப்பா.

"அசையாம நில்லுங்க" என்றார் அம்மா.

வீடியோ இந்த முறை தேறியது. மதியத்துக்குள் என் பெயரில் பாலிசி போனுக்கு வந்துவிட்டது, நள்ளிரவிலிருந்து அமல்.

திங்கட்கிழமை காலை கம்பம் ரோட்டில் என்னை முந்திய பஸ்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. மேலாளர் என் போனில் பாலிசியைக் கீழ்வரைக்கும் தள்ளிப் பார்த்தார். மண் எடுக்கும் பைகளை நீட்டினார்.

"லோயர் கேம்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு இருக்கு. இன்னைக்கே போயிருவியாம்மா?"

"இப்பவே போறேன் சார்" என்று சாவியை எடுத்தேன்.