பூப்போட்டு எடுத்த கடிகாரம்

மாமாவின் கண்ணாடிப் பெட்டியில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அந்தக் காலத்தில் சங்கிலி கோத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்களே, அந்தக் கடிகாரங்களைச் சேர்ப்பதில் அவருக்கு அப்படியொரு பித்து. பெட்டி நிறைந்துவிட்டால் இன்னொரு பெட்டி வாங்கலாமே என்று நான் கேட்டதற்கு, அத்தை பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆகவே கடைசி இடத்துக்கு வரப்போவது எது என்பது எங்கள் தருமபுரி வீட்டில் கல்யாணப் பேச்சு மாதிரி தினமும் நடந்தது.

பென்னாகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் மாமாவுக்குச் சிநேகிதர். தன்னிடம் இரண்டு கடிகாரங்கள் இருப்பதாகவும், பிடித்ததை மாமா எடுத்துக்கொள்ளலாம் என்றும் வாக்குக் கொடுத்திருந்தார். முதலில் போனில் படம் வந்தது. ஒன்று பொன் நிறம். தலையிலுள்ள குமிழை அமுக்கினால் மூடி திறந்துகொள்ளும். மற்றது வெள்ளி, முதுகில் ரயில் எஞ்சின் செதுக்கியிருந்தது, புகையோடு. நான் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, எஞ்சினுக்குள் டிரைவர் இருக்கிறாரா என்று தேடினேன்.

"இந்த மாதிரி எஞ்சின் போட்டது ஒன்னு கெடைக்காதான்னு எத்தன வருசமா அலையறேன் தெரியுமா கண்ணு," என்றார் மாமா.

பாய் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை கையில் இட்லியோடு வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். வந்தவர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து இரண்டையும் மேஜைமேல் வைத்தார். மூடிக் கடிகாரம் ஏதோ பழைய சாமான் கடையில் வாங்கியதாம். எஞ்சின் கடிகாரம் அவருடைய அப்பா வைத்திருந்தது.

"எங்க அத்தா விடிஞ்சதும் மொத வேலையா இதுக்குத்தாங்க சாவி குடுப்பாரு. அவரு போனப்புறம் நான் குடுக்கறேன்," என்றபடி அதற்குச் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, என் காதிலும் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"மாமா, இதையே எடுத்துக்கங்க," என்று குதித்தேன்.

மாமா எடுக்கவில்லை. கடிகாரத்தையும் பாயின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யோசனையே பண்ணாதீங்க. சொன்னா சொன்னதுதாங்க, புடிச்சத எடுங்க," என்றார் பாய்.

"ரெண்டுமே புடிச்சிருக்குதுங்க பாய். நானா ஒன்ன எடுத்தா, அப்புறம் தூக்கமே வராது. பூப்போட்டுப் பாத்துடலாம்."

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஜோசியம், சகுனம் என்று யார் பேசினாலும் கிண்டல் செய்கிற மனிதர் மாமா. எங்கள் பக்கத்தில் எதையும் முடிவெடுக்க முடியாதபோது, சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் எஞ்சின், வெள்ளை வந்தால் மூடி என்றார் மாமா. தானே தோட்டத்துக்குப் போய்ப் பூப்பறித்து, பூஜை அறைக்குள் தனியாக உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். எடுக்கப்போகிற கை என்னுடையது.

செம்பருத்தி வரவேண்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுவிட்டு, இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். நந்தியாவட்டை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாய் எஞ்சின் கடிகாரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். முடிந்த முடிச்சையே மறுபடியும் இறுக்கினார்.

அவர் போன பிறகு, வராத செம்பருத்தியையாவது பார்ப்போம் என்று மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை. ஒரே ஓட்டமாக மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, நான் வெள்ளைய எடுத்ததும் அந்தச் சிவப்பும் வெள்ளையா மாறிடுச்சு."

மாமா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஆமா கண்ணு, உன் கை அவ்ளோ ராசி. யாருகிட்டயும் சொல்லிடாத, ராசி போயிடும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எஞ்சின் போன துக்கம்கூட மறந்துவிட்டது. அத்தையின் புடவையிலிருந்து சந்தையில் பூசணிக்காய் வரை, வெகுநாள் வரைக்கும் அந்தக் கையால்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பாய் அதற்குப் பிறகு அடிக்கடி காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வந்து உட்கார்ந்ததும் எஞ்சின் கடிகாரத்தை எடுத்து மாமாவிடம் நீட்டி, "இன்னைக்கு நீங்க சாவி குடுங்க," என்பார். மாமா மெதுவாகத் திருகி, காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். பாய்க்கு விரல்வலி போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.